வாளின் பிடிக்குள் ஒளிந்திருக்கும் பெயர்

கோவில் மணியை வார்த்தவர் தம் பெயரையும் ஆண்டையும் யாவரும் காண அதன் விளிம்பில் பொறித்து வைப்பார். ஜப்பானியக் கொல்லரோ அவற்றை வாளின் பிடிக்குள் மறைத்து விடுவார். உறையிலிருந்து வாளை உருவி எத்துணை நேரம் உற்று நோக்கினாலும் அவர் பெயர் நம் கண்ணில் படாது. பிடியைக் கழற்றியாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் 1945-ஆம் ஆண்டு முடிவுற்றபோது, சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளைத் தங்கள் கையாலேயே ஒப்படைக்க வேண்டுமெனத் தென்கிழக்கு ஆசிய நேசப் படைகளின் தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு வற்புறுத்தினார். தளபதி தெராவுச்சி 1945 நவம்பர் 30 அன்று சைகோனில் அவரிடம் இரு வாள்களைக் கொடுத்தார். பெரியோர் வாளுக்கு வரலாறு எழுதி வைக்கப்படுகிறது. ஆனால் எளிய சிப்பாய்கள் போர் நினைவாகத் தம் ஊருக்குக் கொண்டு சென்ற வாள்களோ அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரண்களில் உறங்கின. கொண்டு வந்தவர் கண்ணை மூடிய பின்னர், பேரப்பிள்ளைகள் வினவுகின்றனர்: இதைச் செய்தவர் யார்? என்று செய்தார்?

பிடியைக் கழற்றுமுன் வாள் எவ்வகையினது என்று அறிதல் வேண்டும். 1935-ஆம் ஆண்டில் ஹவில்தார் போன்ற கீழ்நிலைத் தலைவர்களுக்கென அரசு ஒருவகை வாளை அமைத்தது. அது இயந்திரத்தின் பிள்ளை. அதன் பிடி பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. நாடா சுற்றியது போன்ற தோற்றத்தை அச்சிலேயே வார்த்து வண்ணம் பூசியிருப்பர். அலகில் ஓர் எண் இருக்கும். உறையிலும் அதே எண் இருக்க வேண்டும். கொல்லர் பெயரை இதில் தேடுவது வீண் வேலை.

அதிகாரிகளின் வாள் அத்தகையதன்று. தம் வாளை அவர்களே விலை கொடுத்து வாங்கிக் கொள்ள வேண்டும். மேனாட்டுப் பாணி வாளைக் கைவிட்டு, பழைய ஜப்பானிய வடிவைத் தழுவிய புதிய வாளைத் தரைப்படை 1934-இல் ஏற்றது. 1938-இல் அதனைச் சற்றே மாற்றியது. 1876-இல் பொதுமக்கள் வாள் தரிப்பது தடை செய்யப்பட்டதால் நலிந்து போயிருந்த கொல்லுலைகளுக்கு இதனால் திடீரென வேலை வந்தது. கிஃபு மாநிலத்துச் செக்கி என்னும் பழைய கொல்லர் ஊர் போர்க்கால வாள் உற்பத்திக்குத் தலைமை இடமாயிற்று.

இங்கேதான் ஆராய்வோர் பலர் இடறி விழுகின்றனர். வீட்டில் பாட்டன் முப்பாட்டன் காலத்து வாள் வைத்திருந்த அதிகாரி, அந்த அலகுக்கே படைத்துறைப் பிடியும் உறையும் போட்டுக்கொள்வார். சட்டை புதியது, உடலோ நானூறு ஆண்டு பழையதாயிருக்கலாம். ஆகையால் பிடியின் காலத்தைக் கொண்டு அலகின் காலத்தை முடிவு செய்தல் ஆகாது. பிடியில் தொங்கும் குஞ்சமும் பிடிமுனையிலுள்ள சிறு குடும்பச் சின்னமும் வாளுக்கு உரியவரைப் பற்றிப் பேசுவன, கொல்லரைப் பற்றியல்ல. பழுப்பும் நீலமும் கலந்த குஞ்சம் இளநிலை அதிகாரிக்கும், பழுப்பும் சிவப்பும் அவருக்கு மேற்பட்டவருக்கும், அவற்றோடு பொன்னிழை சேர்ந்தது தளபதிக்கும் உரியவை.

பிடியைப் பிணைத்திருப்பது பெரும்பாலும் ஒரு சிறு மூங்கில் முளையே. அதனை மெல்லத் தட்டி எடுத்தால் பிடி கழன்று, 'நகாகோ' எனப்படும் அடித்தண்டு வெளிப்படும். அதில் உளியால் வெட்டிய எழுத்துகளை ஜப்பானியர் 'மெய்' என்பர். தமிழ்ச் செவிக்கு எவ்வளவு இனிய சொல்! ஆனால் மெய்யெல்லாம் மெய்யன்று. புகழ் பெற்ற கொல்லரின் பெயரைப் பிறர் வெட்டி வைத்த போலி மெய்கள் ஏராளம். அவற்றிற்கு 'கிமெய்' என்று தனிப்பெயரே உண்டு. மேலும் ஒரே பெயரைப் பல தலைமுறைக் கொல்லர்கள் சூடிக்கொண்டனர். எனவே எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது. மெல்லிய தாளை அதன்மீது விரித்துத் தேய்த்துப் படியெடுத்து, ஐயத்திற்கு இடமில்லாத வாள்களின் படிகளோடு உளிக்கோட்டின் போக்கையும் ஒப்பிட வேண்டும்.

காலம் எழுதப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் மறுபக்கத்தில் இருக்கும். ஷோவா மன்னரின் ஆட்சி ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். ஷோவா 18 என்பது 1943. சிலர் ஜப்பானியப் பேரரசு தோன்றியதாகக் கொள்ளும் ஆண்டிலிருந்து எண்ணுவர். அக்கணக்கில் 2600 என்றிருந்தால் 660-ஐக் கழிக்க 1940 கிடைக்கும். இரண்டாம் மாதம், எட்டாம் மாதம் என்று குறிப்பது கொல்லர்களின் நெடுநாள் மரபு. ஆகவே மாதத்தை, பங்குப் பதிவேட்டில் எழுதிய திருமுழுக்கு நாளைப் போல் நம்பிவிட வேண்டாம்.

பெயருக்கு அருகே சிறு முத்திரை ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'ஷோவா' அல்லது 'செக்கி' என்னும் எழுத்து முத்திரை, பொதுவாக ஆலை எஃகில் அடித்து எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்த வாளைக் காட்டும். விண்மீன் முத்திரையோ படைத்துறை அமர்த்திய கொல்லர், இரும்பு மணலை உருக்கிப் பெற்ற 'தமஹகானே' எஃகைக் கொண்டு மரபுப்படி அடித்ததற்கு அடையாளம். தோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை இயங்கிய கொல்லுலைகளிலும் இம்மரபு எஃகே பயன்பட்டது. அங்கே ஏறத்தாழ 8,100 வாள்கள் உருவாயின. அக்கொல்லர்கள் 'யசு' என்று தொடங்கும் பெயர்களைச் சூடியிருந்தமையால் அவ்வாள்களை இனங்காணல் எளிது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வோம். பழைய பித்தளையைக் கண்டால் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். அடித்தண்டின் துருவை அவ்வாறு தேய்த்தால் சாட்சியைக் கொன்றவராவோம். போர்க்கால வாளின் துரு இளமையானது. நூற்றாண்டுகள் கண்ட வாளின் துருவோ ஆழ்ந்து கறுத்திருக்கும். எழுத்துக்குள் படிந்த துருவும் எழுத்துக்கு வெளியே உள்ள துருவும் ஒத்திருக்கின்றனவா என்பதும் போலியைக் காட்டிக் கொடுக்கும்.

செய்தவர் பெயர் கிடைத்தாலும் ஏந்தியவர் கதை கிடைத்துவிடாது. 1943 அக்டோபர் 24 அன்று நியூகினியின் ஐதாப்பே கடற்கரையில், ஆஸ்திரேலியப் படைஞர் லெனர்ட் சிஃப்லீட் கண் கட்டப்பட்டு முழந்தாளிட்டிருக்க, அவர் தலைக்குமேல் வாள் ஓங்கி நிற்கும் நிழற்படம் உலகறிந்தது. இறந்துபட்ட ஜப்பானியர் ஒருவரின் உடலில் அமெரிக்கர்கள் 1944-இல் அதனைக் கண்டெடுத்தனர். படத்தில் இருப்பவர் விமானி வில்லியம் நியூட்டன் என்றே பலரும் முதலில் நம்பினர். அவரும் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வாளுக்கு இரையானவரே. இறப்பவர் முகம் தெரிந்த படத்திலேயே ஆள் மாறிப்போயிற்றென்றால், பரணில் கிடக்கும் வாளைப் பற்றிக் குடும்பத்தார் சொல்லும் வீரக்கதைகளை எந்த அளவுக்கு நம்புவது? அதேபோல், வாளைக் கண்டதும் அதனைக் கொலைக்கருவி என்று தூற்றுவதும் முறையன்று. ஒரு முறையும் உறைவிட்டு வெளிவராத வாள்களும் உண்டு.

சரணடைந்தோர் சிலர் தம் பெயரையும் ஊரையும் எழுதிய மரச்சீட்டையோ துணிச்சீட்டையோ வாளில் கட்டிக் கொடுத்தனர். அச்சீட்டு பிழைத்திருந்தால் அது கொல்லரின் கையொப்பத்தினும் மதிப்புடையது. அதனைக் கொண்டு உரியவரின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து வாளைத் திருப்பித் தந்தவர்களும் உளர். ஆனால் நல்லெண்ணத்தோடு வாளைத் தபாலில் அனுப்பிவிடலாகாது. ஜப்பானியச் சட்டப்படி மரபு முறையில் செய்த வாளே பதிவு பெறும். இயந்திர வாளும் எண்ணெயில் தோய்த்த வாளும் பதிவு பெறா. பதிவு பெறாத வாளைச் சுங்கத்தார் பறித்து அழித்துவிடக் கூடும். எனவே முதலில் அடித்தண்டின் இரு பக்கங்களையும் தெளிவாக நிழற்படம் எடுத்து, சீட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பி, என்ன செய்யலாம் என்று அக்குடும்பத்தாரையே கேட்பது நலம்.