கற்பனை ஊருக்குக் கால்கோள்

இல்லாத ஊரொன்றை எழுப்பி, இல்லாத மனிதர்களை அதில் குடியேற்றி, அவர்களுடைய சுகதுக்கங்களில் நம்மையும் பங்குகொள்ளச் செய்வது கதாசிரியர்களுக்கே வாய்த்த வித்தை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 1935-இல் வெளிவந்த தமது முதல் நாவலில் ஆர். கே. நாராயண் மால்குடியைச் சிருஷ்டித்து, அதற்குச் சரயு என்றொரு நதியையும் ஆல்பர்ட் மிஷன் பள்ளிக்கூடத்தையும் கொடுத்தார். அந்த ஊரைத் தேசப்படத்தில் தேடிப் பார்க்கலாமா என்று வாசகனுக்குத் தோன்றும் அளவுக்கு அது உண்மையாகிவிட்டது. இன்று அந்த வித்தையில் சரிபாதிப் பங்கு வீடியோ கேம் செய்கிறவர்களுடையது. பிள்ளைகளின் பொழுதைக் கெடுக்க வந்த சாதனம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது நியாயமோ அன்றோ, ஊரை உண்டாக்கும் காரியத்தில் மட்டும் அந்த விளையாட்டுகளைச் செய்கிறவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிரம்ப உண்டு.

காரணம் வெளிப்படை. நாவலாசிரியன் தேரடியையும் கடைத்தெருவையும் வருணித்துவிட்டு, பின்புறச் சந்தில் என்ன இருக்கிறதென்று சொல்லாமலே போய்விடலாம். வாசகன் அவன் அழைத்த வழியில்தான் நடப்பான். விளையாடுகிறவனோ அழைத்த வழியில் வரமாட்டான். முதலில் அந்தச் சந்துக்குள்ளேதான் நுழைவான். ஆகவே அவனுக்கென்று எழுப்பும் ஊர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊராகவே இருந்தாக வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'மஜோராஸ் மாஸ்க்' என்னும் விளையாட்டில் கடிகார நகரம் என்று ஓர் ஊர் வருகிறது. மூன்றாம் நாள் முடிவில் சந்திரன் அதன்மேல் விழுந்துவிடும் என்பது கதை. அளவில் மிகச் சிறிய அவ்வூர் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பேசப்படுவது அந்தச் சந்திரனால் அன்று. தபால்காரன், விடுதிக்காரப் பெண், தச்சர் தலைவன் என்று அங்குள்ள ஒவ்வொருவரும் எந்த நாளில் எந்த நாழிகைக்கு எங்கே இருப்பார் என்பது வகுக்கப்பட்டிருப்பதனால்தான். 2016-இல் எரிக் பரோன் என்னும் அமெரிக்க இளைஞர் தனியொருவராகச் செய்து முடித்த 'ஸ்டார்டியூ வேலி'யில், விதை விற்கும் பியர் என்பவரின் கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. அதை மறந்து புதனன்று போய்ச் சாத்திய கதவின் முன் நின்று திரும்புகிறவனுக்கு, அக்கணமே அவ்வூர் பிரத்தியட்சமாகிவிடுகிறது. பிரமாண்டமான கோட்டையும் ஆகாயத்தை அளாவும் கோபுரமும் செய்ய முடியாத காரியத்தை ஒரு வார விடுமுறை செய்துவிடுகிறது!

நம் மேற்குத் தொடர்ச்சி மலையையே களமாகக் கொண்ட விளையாட்டும் ஒன்று உண்டு. 2017-இல் வெளிவந்த 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி' ஹொய்சளர்களின் ஹளேபீடையும் பேலூரையும், அருவிகளும் யானைச் சிற்பங்களும் நிறைந்த மறைந்துபோன நகரங்களாக மலைக்காட்டுக்குள் கற்பனை செய்கிறது. கண்ணுக்கு அது பெருவிருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தனை மண்டபங்களைச் செதுக்கிய சிற்பிகளுக்குச் சோறு எங்கிருந்து வந்தது, அவர்கள் எந்தச் சந்தையில் உப்பு வாங்கினார்கள் என்று கேட்டால் அந்த நகரங்களிடம் விடை கிடையாது. அவை காட்சிகள், ஊர்கள் அல்ல என்பதே என் அபிப்பிராயம். மெய்யான ஹொய்சளருக்கு இம்மலையோடு மெய்யான தொடர்பு இருந்தது. அவர்களுடைய மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன், மலைவாழ் மக்களான தோடரை அச்சுறுத்தி நீலமலையை, அதாவது நீலகிரியைக் கைக்கொண்டதாக 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

'மஜோராஸ் மாஸ்க்' அடங்கிய 'செல்டா' வரிசையில் பிற்காலத்து விளையாட்டு ஒன்றை இயக்கிய ஃபுஜிபயாஷி, தாம் வாழ்ந்து பழகிய கியோட்டோ நகரின் வரைபடத்தைத் தம் கற்பனை நிலத்தின்மேல் வைத்துப் பார்த்துத் தொலைவுகளை நிதானித்தாராம். சொந்தக் கால் அறிந்த தூரமே நம்பத்தக்க அளவுகோல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விளையாட்டுக்கென்று ஊர் எழுப்ப விரும்பும் நீலகிரி இளைஞன் இவ்வகையில் பாக்கியசாலி. ஏனெனில் உதகமண்டலமே ஒருவிதத்தில் கற்பனை ஊர்தான்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் இங்கே கல் பங்களாவைக் கட்டத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் ஓடைகளை மறித்து ஏரியையும் உண்டாக்கியபோது, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த இங்கிலாந்தைத் தோடரின் புல்வெளிமேல் சித்திரமாகத் தீட்டத்தான் முற்பட்டார். பின்னால் வந்தவர்கள் லவ்டேல் என்றும் வெலிங்டன் என்றும் பெயர்களைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். 1215-இல் ஜான் மன்னன் மாக்னா கார்ட்டா என்னும் மகா சாசனத்துக்கு முத்திரையிட்ட தேம்ஸ் நதிப் புல்தரையின் பெயரான ரன்னிமீடு, குன்னூர் மலைச்சரிவில் ஒரு ரயில் நிலையத்தின் பெயராயிற்று. 1829-இல் கால்கோள் செய்த புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு உத்தரங்கள் வந்ததோ, சீரங்கப்பட்டணத்தில் இடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் மாளிகையிலிருந்து! ஏரியின் ஒரு பகுதி பின்னர் தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் குதிரைப் பந்தய மைதானமாகவும் பஸ் நிலையமாகவும் ஆயிற்று. தோற்ற அரசனின் மரம், வென்றவனின் ஆலயத்தைத் தாங்குகிறது. நேற்றைய நீர்மேல் இன்றைய பஸ் நிற்கிறது. கற்பனை ஊருக்கு வயது ஏற்ற விரும்புகிறவர் புராதனம் என்று எழுதிப் பலகை மாட்ட வேண்டியதில்லை. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும்.

ஊருக்கு எப்படி வந்து சேர்கிறோம் என்பதும் ஊரின் ஒரு பகுதியே. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை 46 கிலோமீட்டர்தான். ஆயினும் கல்லாறு தாண்டியதும் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டடிக்கு ஓரடி வீதம் ஏறி, 208 வளைவுகளையும் 16 குகைகளையும் கடந்து வரும் மலை ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. பனை மறைந்து பாக்கும், பாக்கு மறைந்து தேயிலையும், தேயிலைக்கு இடையே கற்பூர மரங்களும் தோன்ற, 1908-இல் பாதை வந்தெட்டிய பெர்ன்ஹில் நிலையத்தைக் கடந்து, மைசூர் மகாராஜாக்களின் கோடை அரண்மனை நிற்கும் மேட்டை ஒட்டி வண்டி திரும்பும்போது, பிரயாணிக்கு ஊரைக் காணும் தாகம் முற்றியிருக்கும். நல்ல விளையாட்டுகளும் இதைத்தான் செய்கின்றன. ஊரின் கோபுரத்தைத் தொலைவில் காட்டிவிட்டு, வழியைச் சுற்றி வளைத்துவிடுகின்றன.

ஆனால் இம்மலை தரக்கூடிய மேலான பாடம் ஆங்கிலேயர் கட்டிய ஊரில் இல்லை. அவர்கள் வருமுன்பே நிலைபெற்றிருந்த ஏற்பாட்டில் இருக்கிறது. எருமை மேய்த்த தோடர் நெய் கொடுத்தார்கள். நிலத்தை உழுத படகர் தானியம் கொடுத்தார்கள். கோத்தர் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் செய்து தந்ததோடு, தோடரின் ஈமச் சடங்கில் வாத்தியமும் வாசித்தார்கள். காட்டிலிருந்து குறும்பர் தேன் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய மந்திர சக்தியை மற்றவர்கள் வேண்டவும் செய்தார்கள், அஞ்சவும் செய்தார்கள். மந்து, ஹட்டி, கோக்கால் என்று அவரவர் குடியிருப்பு தனித்தனியே இருந்தும், ஒருவரின்றி மற்றவருக்குப் பிறப்பும் இறப்பும் முறையாக நடவாது என்ற நிலை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தளரும்வரை நீடித்தது. விளையாட்டுகளில் வரும் கொல்லன் எப்போதும் வாள் விற்பதற்காகவே பட்டறையில் நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு இரும்பு தருபவன் யார், சாவு வீட்டில் அவனுக்கு என்ன வேலை என்று எவரும் யோசிப்பதில்லை. கோத்தக் கொல்லனை அறிந்தவர் அப்படியொரு பொம்மையைப் படைக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோடரின் பால் மனை அவர்களுக்குக் கோயில். அதற்குரிய பூசாரி நுழையலாம், பிறர் நுழையலாகாது. எல்லாக் கதவுகளையும் உதைத்துத் திறந்து, பானைகளை உடைத்துக் காசு பொறுக்கியே பழகிய விளையாட்டு வீரனுக்கு, எவ்வளவு வீரம் காட்டினாலும் திறக்காத ஒரு சிறு வாசலை ஊரின் ஓரத்தில் வைப்பது அரிய யோசனை என்று நினைக்கிறேன். அதைச் செய்கிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோடர், கோத்தர், படகர், குறும்பர் எல்லோரும் இன்றும் இம்மலையில் வாழும் மக்கள். அவர்களிடமிருந்து கொடுக்கல் வாங்கலின் ஒழுங்கைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய பெயரையும் தெய்வங்களையும் உங்கள் விளையாட்டில் எடுத்தாளாதீர்கள்.