பெயர் பிந்தி வந்த பெருஞ்சாலமாண்டர்கள்

இன்று உயிர்வாழும் இருவாழ்விகளுள் உருவத்தால் மிகப் பெரியவை சீனத்துப் பெருஞ்சாலமாண்டர்கள். 1.8 மீட்டர் வரை நீண்டவை பதிவாகியுள்ளன. குளிர்ந்த மலையோடைகளின் பாறைப் பொந்துகளில் பகலைக் கழித்து, இரவில் இரைதேடும். அகன்று தட்டையான தலை, இமையற்ற சிறுகண்கள், விலாவின் இருபுறமும் சுருக்கம் சுருக்கமாகத் தொங்கும் தோல்மடிப்பு. அம்மடிப்பில்தான் இவ்விலங்கின் உயிர்நிலை உள்ளது. வளர்ந்தபின் இதற்குச் செவுள்கள் இல்லை. நுரையீரலின் பங்கும் சிறிதே. நீரிற் கரைந்த உயிர்வளியைத் தோலே ஈர்க்கிறது. தோற்பரப்பு மிகுவதற்கு மடிப்பு உதவுகிறது. ஆதலால் தெளிந்து குளிர்ந்து ஓடும் நீரன்றி வேறெங்கும் இது நிலைத்து வாழாது.

1871-இல் பிரெஞ்சு விலங்கியலறிஞர் எமில் பிளான்ஷார் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். சீனத்தில் உயிரினங்களைச் சேகரித்த பாதிரியார் அர்மான் டேவிட்டின் நினைவாக அமைந்த அப்பெயர், 'ஆண்ட்ரியாஸ் டேவிடியானஸ்' என இன்று வழங்குகிறது. நெடுங்காலம் சீனம் முழுமைக்கும் இந்த ஓரினமே உண்டு என்று நூல்கள் கூறின. புறத்தோற்றம் அவ்வாறு எண்ணவைத்தது. ஆயினும் ஓடைவாழ் விலங்கு மலைமுகட்டைக் கடந்து அடுத்த ஆற்றுப்படுகைக்குச் செல்வது அரிது. படுகைதோறும் பிரிந்து வாழும் குலங்கள், உருவில் ஒத்திருந்தும், குருதிவழியில் விலகிக்கொண்டே போகும்.

இதனை முன்னரே உய்த்துணர்ந்தவர் ஒருவர் உண்டு. ஹாங்காங் தாவரவியல் பூங்காவிலிருந்து வந்து இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் வாழ்ந்த பெருஞ்சாலமாண்டர் ஒன்றைக் கண்ட எட்வர்ட் ஜார்ஜ் பவுலஞ்சர், அது தென்சீனத்துத் தனியினம் என 1924-இல் எழுதி, இன்று 'ஆண்ட்ரியாஸ் சிலிகோய்' என வழங்கும் பெயரைச் சூட்டினார். பின்வந்தோர் அக்கருத்தை ஏற்கவில்லை; பெயரும் வழக்கிழந்தது. அவ்விலங்கின் உடல் மட்டும் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டது.

2019-இல் சாமுவேல் டர்வி தலைமையிலான ஆய்வாளர்கள், அத்தகைய 17 பழைய அருங்காட்சியக உடல்களிலிருந்தும் காட்டுயிர்களின் திசுக்களிலிருந்தும் மரபணுக்களை எடுத்து ஒப்புநோக்கினர். மூன்று தனிக்குலங்கள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 31 இலட்சம் ஆண்டுகளுக்கும் 24 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு பிரிந்தவை. பவுலஞ்சரின் இனம் மீண்டும் உயிர்பெற்றது. இன்று ஆற்றில் பிடிபடும் விலங்கை மட்டும் நம்பியிருந்தால் இவ்வாய்வு தடுமாறியிருக்கும். எந்த ஓடையில் எது பிறந்தது என்பதை, இறைச்சிக்காக இவற்றை வளர்க்கும் பண்ணைகள் குழப்பிவிட்டன. பழைய உடல்களோ அக்குழப்பத்திற்கு முன்பே சேகரிக்கப்பட்டவை.

பெருஞ்சாலமாண்டரின் இறைச்சி சீனத்தில் விலையுயர்ந்த விருந்துணவு. பண்ணைகளை நிரப்ப ஓடைகள் சூறையாடப்பட்டன. வெவ்வேறு படுகைகளின் விலங்குகள் ஒரே தொட்டியில் கலந்தன. 2013 முதல் 2016 வரை 97 மாவட்டங்களில் நடந்த பெருந்தேடலில் நான்கே இடங்களில் இவ்விலங்கு தென்பட்டது. அவையும் பண்ணையிலிருந்து விடப்பட்டவையாக இருக்கலாம் என ஆய்வாளர் ஐயுற்றனர். ஏனெனில் இனத்தைப் பெருக்கும் நோக்குடன் பண்ணைக் குட்டிகள் பல்லாயிரக்கணக்கில் ஆறுகளில் விடப்பட்டிருந்தன. அது நல்லெண்ணத்தால் விளைந்த கேடு என்றே நான் கருதுகிறேன். ஓரினமே உண்டு என நம்பியவர்க்கு, வடபுலத்துக் குட்டியைத் தென்புலத்து ஓடையில் விடுவது தவறாகத் தோன்றவில்லை. வகைப்பாட்டில் நேர்ந்த பிழை, ஆற்றில் கலப்பினமாய்ப் பெருகியது. விட்டவற்றைத் திரும்பப் பிடிக்கவும் இயலாது.

2022-இல் ஜியாங்சி மாகாணத்திலிருந்து 'ஆண்ட்ரியாஸ் ஜியாங்ஷியென்சிஸ்' என்னும் இனம் விளக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அன்ஹுயி மாகாணத்துக் கீமென் பகுதியிலிருந்து 'ஆண்ட்ரியாஸ் செனை' பெயர் பெற்றது. ஜியாங்சி விலங்கின் செய்தி தனித்த மகிழ்ச்சிக்குரியது. காப்புக்காட்டின் ஓடைகளில் அது கலப்புறாமல், இயல்பாகவே இனம்பெருக்கி வாழ்கிறது. ஆங்கே பொந்தின் வாயிலில் ஆண் விலங்கு முட்டைச்சரங்களைக் காத்துக் கிடக்கிறது. வாலை அசைத்துப் புதுநீரை உள்ளே செலுத்துகிறது. அவ்வோடைகளில் பண்ணைக் குட்டி ஒன்றையேனும் விடாதிருப்பதே இனி அரசு செய்ய வேண்டிய முதற்பணி.