மும்பைப் புறக்கடைக்கு ஏற்ற முட்டைக்கோழி எது?

மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு எனச் சாயமேற்றிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்போரை நம் நாட்டு நகரங்களின் சந்தைகளிலும் பள்ளி வாயில்களிலும் காணலாம். குழந்தையின் ஆசைக்காகவும், ஐந்து மாதம் கழித்து வீட்டிலேயே முட்டை கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் பெற்றோர் அவற்றை வாங்குகின்றனர். பிழைத்து வளரும் குஞ்சு பெரும்பாலும் சேவலாகவே முடிகிறது. காரணம் எளிது. முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி ஆண் குஞ்சுகள். அவை முட்டையிடா, இறைச்சிக்கோழியைப்போல் விரைவில் பருக்கவும் மாட்டா. ஆதலால் பெட்டைகளைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் ஆண் குஞ்சுகளே இவ்வாறு மலிவு விலைக்குச் சாயத்துடன் விற்பனைக்கு வருகின்றன. இக்குடும்பத்தினர் பராமரிப்பில் குறை வைத்தவர் அல்லர், தெரிவில் தவறியவர். தெரிவு தவறினால் பின்னர் செய்யும் செலவெல்லாம் வீணே என்பதற்கு இது போதிய சான்றாகும்.

ஊர்க்கோழியும் நகரமும்

தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் திருநெல்வேலிச் சீமையின் சிறுவிடைக் கோழி பழக்கமானது. அதன் குணங்கள் மறுக்க முடியாதவை. களத்தில் சிந்திய தானியத்தையும் குப்பைமேட்டுப் புழுவையும் கிளறித் தின்று தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். பன்னிரண்டு முட்டை இட்டதும் அடையில் அமர்ந்து, 21 நாட்களில் குஞ்சு பொரித்து, பருந்துக்கும் அஞ்சாமல் அவற்றைக் காக்கும். ஆண்டுக்குச் சுமார் 60 முட்டையே கிடைப்பினும், செலவு ஏதுமின்மையால் அது இலாபமே.

ஆனால் மும்பையில் இக்கணக்குத் தலைகீழாகிறது. மேய்ச்சல் நிலம் இல்லாத இடத்தில் கோழிக்கு வேண்டிய தீவனம் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கப்படுவது. முட்டையிடும் மேம்பட்ட இனக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் உண்ணும்; ஆண்டுக்கு அது 40 கிலோவாகும். அக்கோழி 170 முட்டை இடுமாயின், ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 240 கிராம் தீவனம் செல்கிறது. உடல் சிறிய நாட்டுக்கோழி நாளொன்றுக்கு 80 கிராமே உண்பதாகக் கொண்டாலும், 60 முட்டைக்கு 29 கிலோ தேவை. அதாவது, ஒரு முட்டைக்கு 480 கிராமுக்கும் மேல், ஏறக்குறைய இருமடங்கு. ஊரில் சிறந்த குணமாக விளங்கிய அடைகாத்தலும் இங்கு முட்டையிடும் நாட்களைக் குறைக்கும் குறையாகிவிடுகிறது. பிறந்த ஊரின் கோழியைப் பழிப்பது இதன் கருத்தன்று. இடம் மாறினால் தெரிவும் மாறவேண்டும் என்பதே கருத்து.

இனங்களின் ஒப்பீடு

இத்தாலி நாட்டு மரபில் வந்த வெள்ளை லெகார்ன் இனமே இன்றைய வெள்ளை முட்டைத் தொழிலின் அடிப்படை. அதிலிருந்து உருவாக்கிய கலப்பினங்கள் பண்ணைகளில் ஆண்டுக்கு 300 முட்டைகளையும் தாண்டுகின்றன. எனினும் அவ்விளைச்சல் சமச்சீர்த் தீவனத்தையும், நாளொன்றுக்கு 16 மணி நேர ஒளியையும், ஒழுங்கான தடுப்பூசியையும் பொறுத்தது. வீட்டு எச்சிலை நம்பி இதை வளர்ப்போர் ஏமாற்றம் அடைவர். எளிதில் மிரளும் இயல்பும் இதற்கு உண்டு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தேவைக்காகவே புறக்கடைக் கலப்பினங்கள் உருவாக்கப்பட்டன. ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் கிராமப்ரியா முட்டையை முதன்மை நோக்கமாகக் கொண்டது. மேயவிட்டு வளர்த்தால் ஆண்டுக்கு 160 முதல் 180 வரை இடவல்லது. அதே நிறுவனத்தின் வனராஜா முட்டை, இறைச்சி ஆகிய இரண்டுக்கும் உரியது. சுமார் 100 முதல் 110 முட்டைகளே தரும். பெயர் பரிச்சயமானது என்பதற்காக முட்டை வேண்டுவோர் வனராஜாவை வாங்குதல் அடிக்கடி நேரும் பிழை. பரேலி அருகே இஸத்நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் அசில் கலப்பான நிர்பீக், கடக்நாத் கலப்பான சியாமா, கழுத்தில் இறகில்லாத கிராப்புக்கோழியின் கலப்பான ஹிட்காரி ஆகியவற்றை உருவாக்கியுள்ளது. கழுத்தில் இறகு இல்லாமையால் உடல் வெப்பம் எளிதில் வெளியேறும். வெப்பமும் ஈரப்பதமும் ஒருங்கே மிகுந்த கடற்கரை நகருக்கு இது குறிப்பிடத்தக்க அனுகூலம்.

கடக்நாத் என்னும் கருங்கோழியும், சண்டைக்குப் பேர்பெற்ற அசிலும் விலையால் மதிப்புடையவை. முட்டை எண்ணிக்கையால் அல்ல. ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்: கலப்பினக் கோழியின் முட்டையைப் பொரிக்க வைத்தால் பிறக்கும் குஞ்சுகள் தாயின் குணத்தை முழுமையாகப் பெறுவதில்லை. எனவே ஒவ்வொரு முறையும் புதிய குஞ்சுகளை நம்பகமான இடத்தில் பெறுதல் வேண்டும். மும்பையில் கோரேகாவ் ஆரே பால் குடியிருப்பில் மத்திய அரசின் கோழி அபிவிருத்தி நிலையம் உள்ளது. களப்பணியாளர்கள் அங்கு விசாரித்து, பெட்டை எனப் பிரித்தவையும் தடுப்பூசி இடப்பட்டவையுமான, ஆறு வாரம் கடந்த குஞ்சுகளைச் சிபார்சு செய்தல் நலம். வீட்டு முட்டைக்குச் சேவல் தேவையில்லை; சேவலின்றியே பெட்டை முட்டையிடும். அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாது.

இடமும் மழையும்

ஒரு கோழிக்குக் கூட்டினுள் குறைந்தது இரண்டு சதுர அடி தேவை. ஐந்து கோழிகளுக்குப் பத்துச் சதுர அடியும், கால் வீசி நடக்கத் தனி இடமும் வேண்டும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை 2,000 மில்லிமீட்டரையும் தாண்டுவது வழக்கம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. ஆகவே கூட்டின் தளம் தரையினின்று உயர்ந்திருத்தல் அவசியம். ஈரமான கூளத்தில் இரத்தக்கழிச்சல் நோய் பரவும். ஈரமான தீவனத்தில் பூஞ்சை பிடித்து நஞ்சு உண்டாகும். எலி, பெருச்சாளி, பூனை ஆகியவற்றைத் தடுக்க நெருக்கமான கம்பிவலை வேண்டும்.

மண்ணைப் பற்றிய எச்சரிக்கை எல்லாவற்றினும் முக்கியமானது. கோழி ஓயாது மண்ணைக் கிளறி உண்பது. பழைய பெயிண்டு, மின்கலக் கழிவு, உலோகச் சாம்பல் ஆகியவை கலந்த மண்ணில் உள்ள ஈயம் முட்டைக்குள் சேரும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்து 2022-இல் வெளியான ஆராய்ச்சி, வீட்டுக்கோழி முட்டைகளில் கடை முட்டைகளைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்ததைக் காட்டிற்று. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எனவே பட்டறைகளும் கழிவுப் பிரிப்பிடங்களும் அடுத்தடுத்து அமைந்த தாராவிச் சந்துகளில், திறந்த மண்ணில் கோழியை மேயவிடுதல் தகாது. தளமிட்ட கூட்டில், வெளியினின்று கொணர்ந்த உமிக் கூளத்தின்மேல் வளர்க்க இயலாவிடில், வளர்க்காமல் இருப்பதே குழந்தைக்குச் செய்யும் நன்மை. இதைத் தயங்காமல் எடுத்துரைப்பதும் களப்பணியாளரின் கடமையாகும்.

நோயும் விதியும்

ராணிக்கேத் என்னும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இடாத கூட்டத்தைச் சில நாட்களில் அழித்துவிடும். முதல் வாரத்தில் ஒரு தடவையும், ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் மறு தடவையும் தடுப்பு மருந்து அளிக்கப்பெறுதல் வேண்டும். பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலத்தின் நவாபூரில்தான் உறுதிசெய்யப்பட்டது. கோழிகளோ, சுற்றிலும் காகங்களோ காரணமின்றி மடிந்தால், அவற்றைக் கையால் தொடாது கால்நடை அலுவலருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். கோழி வாங்குமுன் அவ்வப்பகுதி மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் குடியிருப்புச் சங்கத்திலும் விதிகளைக் கேட்டறிதல் முறை: தாராவிக்கு ஜி-வடக்கு, மாதுங்காவுக்கு எஃப்-வடக்கு, செம்பூருக்கு எம்-மேற்கு வார்டுகள் பொறுப்பானவை.

ஆசிரியர்க்கு ஒரு குறிப்பு

முற்றமுள்ள பள்ளியில் அனுமதி பெற்று நான்கு கோழிகளை வளர்த்தால், அது கணிதத்திற்கும் உயிரியலுக்கும் ஒருங்கே பாடமாகும். தினமும் இட்ட தீவனத்தையும் கிடைத்த முட்டையையும் மாணவர் ஏட்டில் குறித்து, மாத முடிவில் ஒரு முட்டையின் அடக்கவிலையைக் கணக்கிடலாம். அடுத்த முறை பள்ளி வாயிலில் சாயக்குஞ்சுக் கூடை வரும்போது, அவ்வேட்டைப் படித்த மாணவன் முதலில் நிறத்தைப் பார்க்கமாட்டான். அது பெட்டையா, என்ன இனம், எங்கே பொரித்தது என்றே கேட்பான்.