எதை வைத்து அடைத்தார்கள் என்று கேளுங்கள்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு வருகிறவர்களிடம் எதை வைத்து அடைத்தார்கள் என்று கேட்டால், ‘சிமெண்டு’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ரசீதிலும் ‘ஃபில்லிங்’ என்ற ஒற்றைச் சொல்லும் தொகையும்தான். நம் உரிமை நழுவுவது அங்கேதான்.

அதிகம் பேர் ஏமாந்துபோவது தற்காலிக அடைப்பில். துத்தநாக ஆக்சைடும் கிராம்பு எண்ணெயின் யூஜினாலும் கலந்த வெள்ளைப் பசை அது. வாயெல்லாம் கிராம்பு மணக்கும், வலி அடங்கும். வலி போனதும் மறுபடி போக மனம் வருவதில்லை. திரும்ப வரச் சொன்னது பணத்துக்குத்தான் என்றுகூட நினைத்துவிடுகிறோம். முறுக்கைக் கடிக்கும் வலு அந்தப் பசைக்குக் கிடையாது. நாள்பட நாள்பட ஓரம் விட்டு, அடியில் சொத்தை வேர்வரை இறங்கும். பிறகு வேர் சிகிச்சை, கேப் என்று செலவு பல மடங்கு.

நிலையாக அடைக்கும் பொருள்களில் கிளாஸ் அயனோமர் ஃபுளோரைடை வெளிவிடும். பாற்பல்லுக்கும் ஈறோரச் சொத்தைக்கும் ஏற்றது. கடைவாயில் மெல்லும் பரப்பில் சீக்கிரம் தேயும். பல் நிறக் காம்போசிட் அதைவிட வலுவானது. ஆனால் எச்சில் படாமல், சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து நீல ஒளியில் இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரத்தில் கசியும். கடைவாயில் நெடுநாள் நிற்பது வெள்ளி அமால்கம்தான். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரசம் பற்றி இந்தியா 2018-இல் ஏற்ற மினமாட்டா ஒப்பந்தத்தின்படி, மருத்துவர் அவசியம் என்று கருதினாலொழிய, 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அதைத் தவிர்க்க வேண்டும். பழைய வெள்ளி அடைப்பு நன்றாக இருந்தால் பயந்துபோய் எடுக்க வேண்டாம். குடையும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வரும்.

அடைப்பு விழுந்தது என்பதாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்றாகிவிடாது. காம்போசிட்டுக்குக் காசு வாங்கிவிட்டு வேறொன்றை வைத்தால் அது சேவைக் குறைபாடு. அதை நிரூபிக்கப் பொருளின் பெயர் எழுதிய ரசீதும் எக்ஸ்ரேயும் கையில் வேண்டும். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. யோசனை கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே புகாரை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.