கரடி திறக்க முடியாத டப்பா

அலாஸ்காவின் தெனாலி தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்க அனுமதிச் சீட்டு கேட்டால், கூடவே ஒரு கறுப்பு டப்பாவையும் இரவலாகக் கொடுக்கிறார்கள். உருளை வடிவம், கெட்டிப் பிளாஸ்டிக், சுமார் பத்து லிட்டர் கொள்ளளவு. வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். "இதையும் தூக்கிக்கிட்டா நடக்கணும்?" என்று என் கணவர் அதை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

இரண்டு பேருக்கு மூன்று நாள் சாப்பாடு அதற்குள் அடங்க வேண்டும். அவல், பருப்புப்பொடி, புளியோதரைப்பொடி, கடலை மிட்டாய் என்று இடுக்குவிடாமல் அமுக்கினேன். மூடப்போகும் நேரத்தில் பூங்கா ஊழியர் பற்பசை, சோப்பு, முகத்துக்குத் தடவும் கிரீம் எல்லாவற்றையும் இதற்குள்ளேயே வைக்கச் சொன்னார். வாசனை உள்ள எதுவும் கூடாரத்தில் இருக்கக் கூடாதாம். இரண்டு பொட்டலம் அவலை வெளியே எடுத்த பிறகுதான் அவற்றுக்கு இடம் கிடைத்தது.

மரக்கிளையில் கயிறு கட்டி உணவைத் தொங்கவிடுவது காட்டுவாசத்தின் பழைய வழக்கம். தெனாலியில் பெரும்பகுதி மரமே இல்லாத துந்திர வெளி. முழங்கால் உயரப் புதர்தான். தொங்கவிடக் கிளைக்கு எங்கே போவது? அதனால்தான் 1980-களிலேயே இந்த டப்பா இங்கே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இதில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. மூடியில் இரண்டு திருகுகள். நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கும். மூடி விளிம்புக்கு மேலே துருத்தாமல் உள்ளே பதிந்து உட்காருகிறது. கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடியின் பலம் கோரைப்பல்லிலும் தாடையிலும். ஆனால் கடித்து நொறுக்க வேண்டுமானால் பொருள் வாய்க்குள் போக வேண்டுமே. ஏறக்குறைய ஒன்பது அங்குலக் குறுக்களவுள்ள உருளையைச் சுற்றி அந்த வாய் மூடாது. மூலை இல்லாததால் பல் பிடிக்காது. வழவழப்பால் நகம் மாட்டாது. வேரும் நில அணிலும் தோண்டத் தேய்ந்த நீண்ட நகங்கள் இங்கே வழுக்கிக்கொண்டே போகும். எங்களுக்குக் கிடைத்த டப்பாவின் விளிம்பில் நான்கு இணைக்கோடுகள் ஆழமாகக் கீறப்பட்டிருந்தன. விரலை அதில் வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் அந்த இடைவெளிக்குப் போதவில்லை.

மொன்டானாவில், காட்டுக்குத் திரும்ப முடியாத கரடிகளைப் பராமரிக்கும் மையம் ஒன்றில் இத்தகைய டப்பாக்களுக்குத் தேர்வு நடக்கிறது. உள்ளே தின்பண்டம் வைத்துக் கரடிகளிடமே கொடுப்பார்கள். 60 நிமிடம் அவை புரட்டியும் கடித்தும் உதைத்தும் உடையாமலிருந்தால் தேர்ச்சி.

பலரும் தவறாக நினைக்கும் ஒன்று: இது வாசனையை மறைக்காது. கரடிக்குப் புளியோதரை மணம் எட்டத்தான் செய்யும். வந்து உருட்டும், ஒன்றும் கிடைக்காமல் போய்விடும். அதுதான் வேண்டும். கரடிக்கு நினைவாற்றல் அதிகம். ஒருமுறை கூடாரத்தருகே சோறு கிடைத்தால் மறுபடி வரும். இரண்டு மூன்று வருடம் கூடவே சுற்றும் குட்டிகளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்கா இதை வலியோடு கற்றது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் குப்பைமேட்டில் கரடிகள் தின்பதைப் பலகை போட்டு உட்கார்ந்து மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். 1967 ஆகஸ்ட் 13 அன்று, கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில், மைல்கணக்கில் தள்ளியிருந்த இரண்டு இடங்களில் இரண்டு இளம்பெண்களைக் கிரிஸ்லிகள் கொன்றன. இரண்டு இடத்திலுமே கரடிகள் மனிதர் விட்ட உணவுக்குப் பழகியிருந்தன. பிறகு கரடிகளும் சுடப்பட்டன. அந்தச் சாவுகளில் கரடியின் குற்றம் என்று எதைச் சொல்வது? பழக்கியது மனிதர்கள்.

கூடாரத்திலிருந்து 90 மீட்டருக்கு அப்பால், புதர் மறைவில் டப்பாவை வைத்தோம். சமையல் இன்னொரு 90 மீட்டர் தள்ளி. என் கணவர் டப்பாவைக் கயிற்றால் கட்டலாமா என்று யோசித்தார். கூடாது. கயிறு கரடிக்குப் பிடிமானமாகிவிடும். ஆற்றங்கரையிலும் சரிவின் ஓரத்திலும் வைக்கக் கூடாது; உருட்டிவிட்டால் போனதுதான்.

மூன்றாம் நாள் காலை, ஆற்றின் அக்கரையில், வெகு தூரத்தில், ஒரு பழுப்புக் கரடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. தோண்டும், முகரும், மென்றுவிட்டு இரண்டடி நகரும். காற்று எங்கள் பக்கமிருந்து அதை நோக்கித்தான் வீசியது. ஒருமுறை தலையைத் தூக்கி மூக்கை நீட்டியது. பிறகு மறுபடி வேர் தோண்டக் குனிந்துகொண்டது.