கீழே போகலாம், மேலே வருவது எப்படி?

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். பதினொரு நிலை, 192 அடி உயரம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய், இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் ஓரிடத்தில் நிறுத்தினால், கலசமும் அதை ஒட்டிய கொஞ்சம் பாகமும்தான் தண்ணீருக்கு மேலே தெரியும். அங்கே ஆழம் சுமார் 53 மீட்டர். அந்த அடித்தரையில் ஒரு போர்க்கப்பல் சாய்ந்து கிடக்கிறது.

அதன் பெயர் ஹெர்மிஸ். விமானங்களை ஏற்றிச் செல்வதற்கென்றே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல். நீளம் 600 அடி. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி இதை மூழ்கடித்தன. தற்காத்துக்கொள்ள அன்று கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள்.

இன்று முக்குளிப்பவர்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இந்தக் கப்பலைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே போக நீச்சல் மட்டும் போதாது, காற்றைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை எடுங்கள். காற்றை இழுத்துக்கொண்டு, நுனியை விரலால் மூடி, பின்னாலிருந்து அழுத்துங்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கொள்ளளவு பாதியாகும். இதுதான் பாயில் விதி.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், தரையில் காற்று நம்மை அழுத்தும் அளவுக்கு இன்னொரு பங்கு அழுத்தம் கூடும். 53 மீட்டரில் அழுத்தம் 6.3 மடங்கு. மேலே 6 லிட்டர் காற்று இருந்த பலூன், அங்கே 1 லிட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அப்படியானால் நெஞ்சு நசுங்கிவிடாதா? வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர், தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. அதனால் மூச்சு விடலாம். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஆறு மடங்குக்கு மேல் காற்று செலவாகும். மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர், அங்கே பத்து நிமிடம்கூட வராது.

பெரிய ஆபத்து மேலே வரும்போதுதான். அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். அதனால்தான் 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பது முக்குளிப்பவர்களின் முதல் பாடம்.

இன்னொன்றும் உண்டு. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதிக அழுத்தத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. அவசரமாக மேலே வந்தால், கரைந்தது உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். மூட்டுகள் கடுமையாக வலிக்கும், கைகால் செயலிழக்கலாம், உயிரே போகலாம். ஆகவே வழியில் அங்கங்கே நின்று நின்றுதான் ஏற வேண்டும். கூடுதல் சிலிண்டர்களோடு போய்க் கீழே இருபது நிமிடம் இருந்தால், மேலே வர அதைவிட அதிக நேரம் ஆகும். ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மயக்கவும் செய்யும். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. ஹெர்மிஸுக்குப் போகிறவர்கள் தனிப் பயிற்சி பெற்றவர்கள். நைட்ரஜனைக் குறைத்து ஹீலியம் கலந்த காற்றை அவர்களில் பலர் சுவாசிக்கிறார்கள்.

கீழே எல்லாமே நீலமாகத் தெரியும். சூரிய ஒளியிலுள்ள சிவப்பைத் தண்ணீர் மேலேயே உறிஞ்சிவிடும். டார்ச் அடித்தால்தான் துருவின் நிறமும் பவளங்களின் நிறமும் தெரியும். மணல் தரையில் ஒட்டிக்கொள்ள இடமில்லாத பவளங்களுக்கு இரும்புத் தகடு கெட்டியான வீடாகிவிட்டது. பவளத்தைத் தேடிச் சிறு மீன்கள் வந்தன. அவற்றைத் தேடிப் பெரிய களவா மீன்கள் வந்தன.

ஆனாலும் அது 307 பேரின் கல்லறை. அங்கே போகிறவர்கள் கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஒரு சிறு ஆணியைக்கூட எடுத்து வரக் கூடாது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அதே நாளில் குண்டுபட்ட 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல், இலங்கையின் கிழக்குக் கடலில் சுமார் 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே அழுத்தம் எத்தனை மடங்கு? மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர் அங்கே எத்தனை நிமிடம் வரும்? நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்!