ஞானப்பல் அகற்றிய பின் முதல் 3 நாட்கள்

தாடை எலும்பில் புதைந்த ஞானப்பல்லைச் சிறு கீறல் வழியே, துண்டுகளாகப் பிரித்தே பெரும்பாலும் எடுக்கிறோம். இதனால் எலும்பைச் செதுக்குவது குறைகிறது. ஆனால் புண்ணை ஆற்றுவது பற்குழியில் உறையும் இரத்தமே. அது பெயர்ந்தால் எலும்பு வெளிப்பட்டு, மூன்றாம் நாளளவில் காதுவரை கடும் வலி பரவும்.

ஆகவே முதல் 24 மணி நேரம் கொப்பளித்தலும் துப்புதலும் கூடா. பின்னர் வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். பீடி, சிகரெட், புகையிலையை ஒரு வாரமேனும் விலக்குங்கள்.

பீஸ் ரேட் கூலியில் உழைக்கும் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் மறுநாளே தையல் இயந்திரத்தின் முன் அமர விரைவதை அறிவோம். வீக்கமோ இரண்டு, மூன்றாம் நாட்களில்தான் உச்சமடையும். எனவே சரக்கு அனுப்பும் நெருக்கடி இல்லாத வாரத்தைத் தேர்ந்து, விடுப்பை முன்னரே உறுதி செய்துகொள்ளுங்கள். தணிந்த வலி மீண்டும் கூடினால், மாத்திரையால் சமாளிக்காமல் உடனே வாருங்கள்.